வேலியோரக் கணக்கு

புரட்டாசி

புதுச்சேரி ஆட்சிப்பகுதியில், நகரத்துக்கு வடக்கே தனியே கிடக்கும் துண்டு நிலம் காலாப்பட்டு. கிழக்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் விழுப்புரம் மாவட்டம். பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, மருத்துவமனை, மத்தியச் சிறை என்று பெரிய மதில்கள் நிறைந்த ஊர். மதில்களுக்கு வெளியே, யாரும் இன்னும் கட்டாமல் விட்ட இடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. செம்மண், வேலிகாத்தான் புதர், நான்கு பனை, பராமரிப்பில்லாத முந்திரி. என் நோட்டில் பாதிக்கு மேல் இங்கே எழுதியதுதான்.

இன்று காலை மதிலோரம் ஆட்டுக்கால் பட்டுப் பொடியான மண்ணில் ஒரு கௌதாரி குளித்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுத்து, மேல்காலால் மண்ணை உதைத்து முதுகில் வாரி இறைத்தது. இறகுகளை உப்பவைத்து மண் தோல்வரை இறங்க இடம் கொடுத்தது. பிறகு மறுபக்கம் புரண்டது. தொண்டையில் மங்கிய மஞ்சள், அதைச் சுற்றி மையால் கோடு இழுத்து இடையிடையே விட்டதுபோல் ஒரு கறுப்பு விளிம்பு. எழுந்து உதறியபோது எழும்பிய புழுதியில் பறவை ஒரு கணம் தெரியவில்லை. குழி மட்டும் அப்படியே இருந்தது, உள்ளங்கை அகலம்.

இந்தப் பறவையின் அறிவியல் பெயரின் பின்பாதி பாண்டிச்சேரி. 1782இல் வெளிவந்த பயணநூலில் பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதினார். அதை வைத்து 1789இல் ஜெர்மானியரான கெமலின் பெயர் சூட்டினார். காட்டுக் கீச்சானுக்கும் அதே பெயர்தான், அதே ஆண்டில். இடம் என்ற கட்டத்தில் ஊர்ப்பெயர் ஒன்று மட்டும் நிற்கிறது. எந்த மாதம், எந்தப் புதர், ஒரு காலையில் எத்தனை குரல் என்பது கிடையாது. சொன்னராவைக் குறை சொல்லவில்லை, அவர் காலத்துக்கு அது போதும். எனக்குத்தான் ஆசை. அந்த ஊரில் அன்றைக்குக் கௌதாரி எவ்வளவு மலிவு என்று ஒரு வரி இருந்திருந்தால், என் நோட்டில் உள்ள எண் எதையாவது சொல்லும்.

புரட்டாசி, இன்னொரு நாள்

நோட்டும் கையுமாக நின்றால் காலாப்பட்டில் மூன்று பேரில் ஒருவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நிலம் அளக்க வந்தவர், ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர், குழுக் கடன் வசூலிக்க வந்தவர். ஆடு ஓட்டிவந்த அம்மா தூரத்திலேயே நின்றுவிட்டார். கடன்காரன் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"இன்னா தம்பி, தெனம் வந்து கணக்கு எழுதுற?"

"கௌதாரி எத்தன இருக்குதுன்னு எழுதுறேன்மா."

"அத எழுதி?"

சொல்லத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "அந்தாண்ட முந்திரித் தோப்புல நெறைய கெடக்கும். ஆடு நொழஞ்சா சர்ருனு ஓடும், பறக்காது. மனை போட்டப்பறம் காணோம்." மனை போட்டது எப்போது என்று கேட்டேன். மகளுக்குச் சீமந்தம் நடந்த வருஷம் என்றார். கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, இன்னும் வீடு கட்டாமல் கிடக்கிற மனைப்பிரிவு அது. அந்தப் பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு.

எழுதிக்கொண்டேன். இப்படி வருகிற தகவலை வேறு மையில் எழுதுவது வழக்கம். பார்த்தது நீலம், கேட்டது கறுப்பு.

ஐப்பசி

முதல் நல்ல மழைக்குப் பிறகு ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. வட இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்குகிற பறவை. இரவில் பயணம். களைத்து இறங்கியவை வீட்டுக் கொல்லையிலும் மாடிப்படிக்கு அடியிலும் கிடப்பதுண்டு. பச்சை முதுகு, செம்பழுப்பு வயிறு, வால் இல்லாததுபோல் ஒரு மொட்டை உருவம். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டைச் சீழ்க்கை. இடையில் சருகைப் புரட்டுகிற சத்தம்தான்.

கைப்பேசியில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நல்ல செயலிதான், பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. அது சொன்னதை மட்டும் வைத்து நான் எழுதுவதில்லை. என் காதுக்கும் தெரிந்த பிறகு எழுதுகிறேன். இதில் பிடிவாதம் கொஞ்சம் உண்டு.

கார்த்திகை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் மதிலோரம்: சவுக்கு சாய்ந்திருந்தது. பனை நின்றது. பனை உழவாரன்கள் வழக்கம்போல் தொங்கும் காய்ந்த ஓலைக்குள் போய்வந்தன. மயில் குரல் இல்லை. இல்லை என்பதையும் எழுதினேன்.

தை

பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது கால் மணி நேரம் ஓரிடத்தில் பார்த்து, பார்த்த எல்லா வகையையும் ஈ-பேர்டு தளத்தில் பதிய வேண்டும். காலாப்பட்டில் இதில் ஒரு சின்ன வேடிக்கை. மதிலோரம் தொடங்கி வடமேற்கே நடந்தால் கொஞ்ச தூரத்தில் மாநிலம் மாறிவிடும். அதே கரிச்சான் கம்பியில் உட்கார்ந்தால் புதுச்சேரிக் கணக்கு, பறந்துபோய் அடுத்த வயலில் இறங்கினால் விழுப்புரம் கணக்கு.

ஊசுட்டேரியில் இந்த வேடிக்கை சட்டமாகவே இருக்கிறது. ஒரே ஏரி, நடுவில் எல்லை. புதுச்சேரி தன் பக்கத்தை 2008இலும், தமிழ்நாடு தன் பக்கத்தைச் சில ஆண்டு கழித்தும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. இடைப்பட்ட ஆண்டுகளில், நாமக்கோழி எந்தப் பக்கம் நீந்துகிறதோ அந்தப் பக்கத்துச் சட்டம். கரையில் நின்றால் நாமக்கோழிகள் கறுப்பாக நூற்றுக்கணக்கில், நாணல் ஓரம் நீலத்தாழைக்கோழி, இன்னும் உள்ளே கூழைக்கடா. ஞாயிற்றுக்கிழமைகளில் படகுச் சவாரிக் கூட்டமும் உண்டு.

அடுத்த வாரம் கழுவெளி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் போனால் இடப்பக்கம் விரிகிற பெரிய நீர்வெளி. சுற்றியுள்ள ஏரிகளின் தண்ணீர் வடிந்து வருகிறது. இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல்தண்ணீர் ஏறுகிறது. ஆகவே ஒரு மூலையில் நல்ல தண்ணீர், இன்னொரு மூலையில் உப்பு, பருவத்துக்குப் பருவம் இரண்டும் இடம் மாறும். 2021 டிசம்பரில் சரணாலயம் ஆனது, 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரையில் நின்றபோது கருவால் மூக்கன்கள் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக இரை தேடிக்கொண்டிருந்தன. நீண்ட மூக்கு முழுக்கச் சேற்றுக்குள், சில வேளை கண்வரைக்கும். நூறு மூக்குகள் தையல் மிஷின்போல் இறங்கி ஏறின. ஏதோ பருந்து மேலே வந்ததும் மொத்தமும் எழும்பி, சிறகின் வெள்ளைப் பட்டை மின்ன ஒரு சுற்று சுற்றி, கிட்டத்தட்ட அதே இடத்தில் இறங்கிற்று.

அங்கே அன்று பெரிய கேமராவோடு பலர். அத்தனை பேரும் பதிவார்கள். கழுவெளிக்கு என் பட்டியல் தேவைப்படாது. போவதை நிறுத்தவும் மாட்டேன். கூட்டமாக, நெருக்கத்தில், நெடுநேரம் பார்க்க அங்கேதான் முடிகிறது. உள்ளான் வகைகளைப் பிரித்துச் சொல்லக் கண் அங்கேதான் பழகுகிறது. பழகிய கண்ணோடு திரும்பிவந்து மதிலோரம் நிற்க வேண்டும். வேலிகாத்தான் புதரை வேறு யாரும் எழுதப்போவதில்லை.

மா. கிருஷ்ணன் 1950இலிருந்து ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார். கடைசிக் குறிப்பு 1996 பிப்ரவரி 18இல், அவர் இறந்த அன்று அச்சில் வந்தது. யானையை எழுதிய அதே கை காகத்தையும் அணிலையும் வீட்டுப் பல்லியையும் எழுதிற்று. சரணாலயமே பார்க்காமல் அந்தப் பத்தியில் பாதியை நிரப்பியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மாசி

புதரோரத்தில் நட்சத்திர ஆமை ஒன்று. ஐநேச்சுரலிஸ்ட்டில் படம் ஏற்றினால் அந்தத் தளம் தானாகவே சரியான இடத்தை மறைத்து, இருபது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டுகிறது. பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே மறைப்பது சரி. என் காகித நோட்டில் எந்தப் புதர் என்பது இருக்கிறது. நோட்டை யாருக்கும் தருவதில்லை.

பங்குனி

இந்தக் கரையில் முட்டையிட வரும் கடலாமையைப் பங்குனி ஆமை என்கிறார்கள். மார்கழியிலேயே தொடங்கிவிடுகிறது வரவு. விடியலுக்குள் போனால் தடம் பார்க்கலாம். பிறகு நாய், மனிதர், வெயில்.

இன்றைய தடம் ஒரு முழத்துக்கும் மேல் அகலம். இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறிப் போட்ட வளைந்த வெட்டுகள், நடுவில் அடிவயிறு இழுபட்ட வழவழப்பு. கடலிலிருந்து நேராக ஏறி வந்திருக்கிறது. ஏறிய இடத்தில் அரிப்புக்காகக் கொட்டிய கருங்கல். தடம் கல்லில் முட்டி, அதை ஒட்டியே வடக்கே கொஞ்ச தூரம் போய், ஓர் இடத்தில் மணலைச் சற்றே கிளறி, திரும்பிக் கடலுக்கு இறங்கிவிட்டது. நன்றாகத் தேடினேன். முட்டைக் குழி இல்லை. அலை படாத உலர்ந்த மணல் கல்லுக்குப் பின்னால்தான் இருந்தது, ஆமைக்கு எட்டாத பக்கம்.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன்.

"கல்லு வந்தப்பறம் இப்டித்தான் தம்பி. ஏறி ஏறிப் பாத்துட்டுப் போவுது. முன்னெல்லாம் படகத் தண்ணிக்குத் தள்றதுக்குள்ள நெஞ்சு வாங்கும், அவ்ளோ மணலு. இப்ப படகு கட்டுன கயிறே நனையுது."

"கல்லு வேணாம்னு சொல்றீங்களாய்யா?"

"வூடு போவுதே. கல்லு வேணும்."

புதுச்சேரித் துறைமுகத்துக்கு எண்பதுகளின் கடைசியில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைப் பிடித்துக்கொண்டது. வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று குப்பம் குப்பமாகக் கரை போயிற்று. ஓர் ஊரில் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு நகர்கிறது. அந்த ஊரும் கல் கேட்கிறது. பெரியவர் கேட்பதில் தப்பே இல்லை. ஆமை வந்து திரும்பியதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினேன்.

வைகாசி

கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். காலாப்பட்டுக்கு வடக்கே, பக்கம்தான். கோயிலைச் சுற்றி நிற்கும் காடு, சோழமண்டலக் கரையோரம் ஒருகாலத்தில் பரவலாக இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். உயரம் குறைவு, இலை தடித்து மினுமினுக்கும். சுட்டெரிக்கும் வைகாசியிலும் பச்சை போகாது. காசா, வீரை, பாலை, எட்டி, இடையே கொடிகள். புதுவைப் பல்கலைக்கழகச் சூழலியல் துறையினர் தொண்ணூறுகளிலிருந்தே இங்கே மரங்களைச் சுற்றளவு அளந்து, வகை பிரித்து எழுதிவருகிறார்கள். சாமி காட்டில் கிளை ஒடித்தால் கண் போகும் என்ற பயம், எந்த அறிவிப்புப் பலகையையும்விட நன்றாக வேலை செய்திருக்கிறது.

முழுக்கவும் இல்லை. குலதெய்வம் கும்பிட வேன் பிடித்து வருகிற குடும்பங்கள் காட்டோரம்தான் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாக்கெட், காது குத்திய பிள்ளையின் ஃபிளெக்ஸ் பேனர். கிளை ஒடிப்பதற்கு இருக்கிற பயம் தட்டு எறிவதற்கு இல்லை. ஐயனாருக்கு இது புதுக் குற்றம், தண்டனை இன்னும் முடிவாகவில்லை போலும்.

உள்ளே பத்தடி போனாலே வெப்பம் குறைகிறது. காசா மரத்தின் தண்டிலும் கிளையிலும் ஒட்டினாற்போல் நீலப் பூ கொத்துக்கொத்தாக. சின்னக் கறுப்புத் தேனீக்கள் அதைவிட்டு நகரவில்லை. தேனீயின் பெயர் தெரியாததால் நீளம், நிறம், நேரம் மட்டும் எழுதினேன்.

ஆடி

ஈ-பேர்டில் பழைய பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கூப்பிட்டார். பிள்ளைச்சாவடிக் கரையில் நான் முன்பு பதிந்த ஒன்றில் உப்புக்கொத்திகள் இருக்கின்றன, அவற்றில் பெரிய மணல் வகையும் ஒன்று. லெஷனோ என்ற தாவரவியலாளர் பெயரில் 1826இல் வகைப்படுத்தப்பட்ட பறவை. அதற்கும் மூல இடம் பாண்டிச்சேரிதான். நண்பரின் புகார் வேறு. பட்டியலின் புள்ளி செயற்கைக்கோள் படத்தில் கடலுக்குள் நிற்கிறதாம். கரைப் பறவையைக் கடலில் காட்டினால் பார்ப்பவர் சிரிப்பார்கள், புள்ளியைக் கொஞ்சம் மேற்கே தள்ளிவிடுங்கள் என்றார்.

தள்ளவில்லை. பறவைகள் நின்றது அந்த இடத்தில்தான். மேற்கே தள்ளினால் அன்றைக்கு யாரோ குடியிருந்த வீட்டின் மேல் போய் விழும். குறிப்பு எழுதும் கட்டத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: "பதிந்த நாளில் இங்கே மணல் இருந்தது. காய்ந்த வலை, இரண்டு ஃபைபர் படகு, அடப்பங்கொடி."

அது தேவையில்லாத விவரம் என்கிறார் நண்பர். சொன்னராவுக்கு யாரும் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்றேன்.