கயிற்றைப் பிடித்திருப்பவர் கடமை

அயல்நாடு சென்று கற்கும் பிள்ளைகள் படும் இடர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குளிர், மொழி, பணம், உணவு என்னும் நான்கையே நாம் எண்ணுகிறோம். அவை மெய்யான இடர்களே. ஆயினும் அவற்றினும் கடுமையான ஒன்று உண்டு. அதனை அப்பிள்ளைகளின் தோளில் ஏற்றி வைப்பவர்கள் அயல்நாட்டார் அல்லர். வீட்டிலிருக்கும் பெரியவர்களாகிய நாமே. எழுபது வயதைக் கடந்த பின்னரே இதனை நாங்கள் உணர நேர்ந்தது. எங்கள் பிழையை மறைக்காமல் எடுத்துரைத்தால் பிற குடும்பங்களுக்கேனும் பயன்படும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். கணவரின் துறைமுகப் பணி காரணமாகத் தூத்துக்குடியில் குடியேறி, இங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றோம். பிரிவு இவ்வூருக்குப் புதிதன்று. 1914இல் பாம்பன் பாலத்தின் வழியே தனுஷ்கோடிக்கு ரயில் ஓடத் தொடங்கும்வரை, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பலேறினர்.

கல்விக்காக ஊர்விட்டு ஊர் செல்வது நம் சமயத்தாருக்கும் புதிதன்று. இம்மாவட்டத்துக் கழுகுமலையில், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பல ஊர்களிலிருந்து வந்த குரவர், குரத்தியர், அவர்தம் மாணாக்கர் ஆகியோரின் பெயர்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவை தாங்கி நிற்கின்றன. பெண்பாலாரும் ஆசிரியராக விளங்கிய அம்மலைக்கு மாணவியரை அழைத்துச் சென்றபோதெல்லாம் நாங்கள் பெருமிதம் கொண்டதுண்டு. ஆகவே எங்கள் பேத்தி, கடல்சார் பொறியியலில் மேற்படிப்புப் பயில ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்குச் செல்ல விரும்பியபோது தடை சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தோம்.

புறப்படும் நாளன்று அவளைப் பூசை அறையில் அருகன் திருவுருவின் முன் நிறுத்தி, "கதிரவன் மறைந்தபின் உண்ணமாட்டேன், மண்ணுக்கடியில் விளைவதைத் தொடமாட்டேன், பிறர் சமைத்ததை உண்ணமாட்டேன்" என மூன்று உறுதிமொழிகளைச் சொல்லச் செய்தோம். விமானத்திற்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளும் மறுபேச்சின்றிச் சொன்னாள். அபர்தீனில் டிசம்பர் மாதத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடும் என்பதோ, ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவரை மறையாது என்பதோ அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

நாள்தோறும் நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைப்போம். "பொழுதோடு சாப்பிட்டாயா அம்மா?" என்பதே முதற்கேள்வி. "ஆயிற்று பாட்டி" என்று மெல்லிய குரலில் விடை வரும். நாங்களும் மனநிறைவோடு உறங்கச் செல்வோம். நமக்கு இரவு ஒன்பது மணியாகும்போது குளிர்காலத்தில் அங்குப் பிற்பகல் மூன்றரை மணி. ஐந்து மணிக்கு முன் வெளியேற இயலாத ஆய்வுக்கூடத்தில், காலையில் தின்ற ரொட்டியோடு நின்றுகொண்டு அந்த விடையை அவள் சொல்லி வந்தாள் என்பது பின்னரே தெரிந்தது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவள், ஒருநாள் மாலை உணவின்போது இலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாட்டி, குளிர்காலம் முழுவதும் உங்களிடம் பொய் சொன்னேன்." ஐவர் சேர்ந்து பயன்படுத்தும் சமையலறையில் அடுப்புக்குக் காத்திருந்ததையும், காய்ச்சல் கண்ட நாளில் உடன் தங்கிய பெண் உருளைக்கிழங்கு சூப் வைத்துக் கொடுக்க, அதைக் குடித்துவிட்டு அழுததையும் சொன்னாள். "பசியையும் குளிரையும் தாங்கிக்கொண்டேன். உங்கள் அழைப்பு வரும் நேரம்தான் நெஞ்சு நடுங்கும்" என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றோம். "நீங்கள் கேட்ட கேள்விக்கு வேறு விடை இருந்ததா பாட்டி?" என்று கேட்டாள்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் முதல் மாதமே எங்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்காதே, கேட்டால் புரியாதவனும் "புரிந்தது" என்றே சொல்வான். அவன் எங்கே தடுமாறுகிறான் என்பதைக் காட்டும் கேள்வியைக் கேள். இதனை வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் கடைப்பிடித்தோம். வீட்டுத் தொலைபேசியில் மறந்தோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில் என்று நம் நூல்கள் கூறுகின்றன. பொய்யைச் செய்தவள் பேத்தி, செய்வித்தவர்கள் நாங்கள்.

அப்படியானால் நோன்பைத் தளர்த்திவிடலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். எண்ணிக்கையிற் சிறிய நம் சமூகத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொன்றை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு என்ன எஞ்சும் என்பது அவர் கவலை. அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இல்லறத்தார்க்கு விதித்தவற்றை முன்னோர் அணுவிரதம் என்றே பெயரிட்டு அளந்து கொடுத்தனர். பதினாறு பாவனைகளுள் துறவும் தவமும் சக்திக்கேற்றவாறு என்றே சொல்லப்படுகின்றன. செல்லும் திசைக்கு எல்லை வகுக்கும் திசை விரதத்திலோ, வகுத்த எல்லையை மறந்துவிடுவதே ஒரு குற்றமாக எண்ணப்படுகிறது. நோன்பின் உயிர் தெளிவான அளவிலே இருக்கிறது. ஏற்பவரின் வலிமையையும், அவர் வாழப்போகும் நாட்டின் பகலிரவையும் அறியாமல் நாங்கள் வாங்கிய வாக்கில் அந்த அளவு எங்கே இருந்தது?

இதற்கு மாறான ஒரு வாக்கை நாம் அறிவோம். 1888இல் காந்தியடிகள் சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பியபோது அன்னை புத்லிபாய் அஞ்சினார். பேச்சர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவி முன்னின்று மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று வாக்கு வாங்கித் தந்தார். சாதியார் விலக்கி வைத்தபோதும் மகனை அனுப்பி வைக்க அன்னைக்கு அதுவே போதுமாயிருந்தது. இலண்டனில் முட்டை புலாலாகாது என்று சிலர் சொல்லக் கேட்டுச் சிறிது காலம் அவர் முட்டை உண்டதுண்டு. பின்னர், வாக்கின் பொருள் தம் வசதிக்கேற்றதன்று, வாக்கு வாங்கிய அன்னை எப்பொருளில் வாங்கினாரோ அப்பொருளே செல்லும் என்று தெளிந்து அதனை விட்டார். அன்னையின் கருத்து எதுவென்று கடல் கடந்தும் அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. தம் தடுமாற்றத்தை அவர் மறைக்கவும் இல்லை. வரலாற்றிலேயே எழுதி வைத்தார்.

நம் அகளங்கரின் கதையையும் இங்கு நினைக்கலாம். அவரும் தம்பி நிகளங்கரும் தம் சமயத்தை மறைத்துப் பௌத்தப் பள்ளியில் பயின்றனர். ஐயுற்ற ஆசிரியர் சினபிம்பத்தைத் தாண்டச் சொன்னபோது, அதன்மேல் ஒரு நூலிழையை இட்டு, அது பற்றற்ற நிலையின் உருவன்று என்று மனத்திற் கொண்டு தாண்டினர். பின்னர் நள்ளிரவில் வெண்கலப் பாத்திரங்களை உருட்டி அனைவரையும் திடுக்கிட்டு எழச் செய்தபோது, அவர்கள் வாயிலிருந்து அருகன் பெயரே வெளிப்பட்டது என்று கதைநூல்கள் கூறுகின்றன. அந்த வெளிப்பாட்டுக்கு நிகளங்கர் தம் உயிரையே விலையாகத் தந்தார். பகலில் எதை மறைத்தாலும் நள்ளிரவில் எழும் பெயரை மறைக்க இயலாது. அதுவே ஒருவரின் வீடு. அகளங்கர் அயலாரிடம் மறைத்தார். எங்கள் பேத்தியோ அந்த வீட்டினரிடமே மறைக்க வேண்டியிருந்தது.

இவ்வாண்டு எங்கள் பேரன் மேற்படிப்புக்குப் புறப்படுகிறான். இம்முறை ஒரு மாதத்திற்கு முன்பே அமர்ந்து பேசினோம். அவனே தன் அளவை எழுதினான். புலால், மீன், முட்டை, மது இவை எந்நாளும் இல்லை; தின்பண்டங்களில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்திருக்கிறதா என்று உறையைப் படித்தே வாங்குவது; வகுப்பில்லா நாட்களில் பொழுதோடு உண்பது; மற்ற நாட்களில் இயன்றதைச் செய்து, இயலாததை மறைக்காமல் சொல்வது. பேத்தி அருகிலிருந்து இரண்டு இடங்களில் திருத்தினாள். நாங்களும் ஒரு நோன்பு ஏற்றோம். அவன் எதைச் சொன்னாலும் அன்று கடிந்துகொள்வதில்லை, "சாப்பிட்டாயா?" என்பதற்குப் பதிலாக "இன்று எது கடினமாக இருந்தது?" என்று கேட்பது. இரண்டாம் நோன்பு எளிது. முதலாவது எங்களுக்கு எளிதன்று.

இக்கடற்கரையில் முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கோடிக்கணக்கான சிப்பிகள் மாண்ட அத்தொழிலை நாம் போற்றுவதற்கில்லை. ஆயினும் அதன் கயிற்றை எண்ணிப் பார்க்கலாம். கல்லைப் பற்றி முத்துப் பாரில் இறங்கியவனின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். தங்கை விதவையாவதை அண்ணன் பொறுக்கமாட்டான் என்பதால், மனைவியின் உடன்பிறந்தானையே அதற்கு வைப்பார்கள் என்று இவ்வூரார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலே இருப்பவர் தம் விருப்பம்போல் கயிற்றைச் சுண்டிக்கொண்டிருந்தால், கீழே மூச்சு முட்டியவன் இழுக்கும் இழுப்பு அவர் கைக்கு எட்டாது. கயிறு இருப்பதே கீழிருந்து வரும் செய்திக்காக.

நம் தொலைபேசியும் அத்தகைய கயிறே. பிள்ளைகள் ஆழத்தில் இருக்கிறார்கள். கையை அசைக்காமல் பிடித்திருப்போம். அவர்கள் இழுக்கும்போது உணர்வோம்.