ஏழு விநாடிக் காட்சி

வாக்குப்பதிவு எந்திரத்தில் நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் பக்கத்து விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிகிறது. பிறகு அறுந்து உள்ளே விழுகிறது.

சைவ சித்தாந்தம் அறிவுக்கு வழியாகக் காண்டல், கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற அளவைகளைச் சொல்லும். சீட்டைப் பார்ப்பது காண்டல். அதே வாக்குத்தான் எண்ணிக்கையிலும் ஏறியது என்பது கருதல். எந்திரம் பழுதற்றது என்பதோ தேர்தல் ஆணையத்தின் உரை. தோற்ற வேட்பாளர்கள் இந்த மூன்றாவதைத்தான் முதலில் கைவிடுவார்கள்!

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் இன்னும் கறாராக இருந்தது: தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்குப்பதிவு எந்திரங்களை ஏற்க மறுத்தது. அதாவது, வெறும் உரை போதாது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024-ல் எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்தது. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணிப் பார்த்து, மீதியைக் கருதிக்கொள்கிறார்கள்.