செம்புக் குண்டும் ஒரு சமணச் சூத்திரமும்

அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். தோட்டாவையும் வீட்டில் நானே தயார் செய்கிறேன். ஊரில் கேட்டால், "உனக்கு ஏண்டா இந்த வேலை" என்பார்கள், கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டே.

இப்போது போடுவது ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டு. செம்பு ஈயத்தைவிட லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால் செம்பு 9 கிராம்கூட வராது. அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். பித்தளைக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி வெடிமருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயக் குண்டுக்கான மருந்தளவை அப்படியே போட்டால் அழுத்தம் எகிறிவிடும். எனவே அந்தக் குண்டுக்கென்றே வெளியிட்ட அட்டவணையின் அடிமட்ட அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். சுட்ட கூட்டை ஒவ்வொரு முறையும் திருப்பி, அழுத்தம் மிஞ்சி அடியிலுள்ள ப்ரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும்.

இந்தக் கவனம் அறமா? என் கண்ணுக்கும் கைக்கும் பயந்து வந்தது இது. அதை அறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சமண ஆசான் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், உயிர் போவதை மட்டும் வைத்து இம்சையை வரையறுப்பதில்லை. கவனம் தவறிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. பார்த்து நடக்கும் துறவியின் காலடியில் பூச்சி செத்தாலும் அவருக்குப் பாவமில்லை, பாராமல் நடப்பவன் காலடியில் எதுவும் சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே என்பது உரைமரபு.

கைபாப்புக்குப் பக்கத்தில்தான் கலிபோர்னியா காண்டார் கழுகு பறக்கிறது. 1982-ல் உலகத்திலேயே 22தான் இருந்தன. 1987-ல் காட்டில் எஞ்சியவற்றையும் பிடித்து, கூண்டில் பெருக்கி, 1996-ல் வெர்மிலியன் பாறைத்தொடரில் பறக்கவிட்டார்கள். வேட்டைக்காரன் மானைச் சுட்ட இடத்திலேயே அதன் குடலைப் போட்டுவிட்டு வருவான். ஈயக் குண்டு உடைந்து அதில் துகள்துகளாகக் கிடக்கும். எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கழுகு அதைத் தின்று ஈய நஞ்சில் சாகிறது. செம்போ இதழ்போல் விரியும், பெரும்பாலும் உடையாது. 2005 முதல் அரிசோனா அரசு அந்தப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்துக் கேட்டுக்கொண்டது, கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலோர் மாறினார்கள். கழுகால் அவர்களுக்கு ஒரு காசு லாபமில்லை. அறம் என்று நான் சொல்வது அந்தக் கவனத்தைத்தான்.

ஈயம் போடுகிற எவனும் கழுகைக் குறிவைப்பதில்லை. தற்காப்புக் கொலையைப் பற்றி எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், நோக்கத்துக்குப் புறம்பாக நேர்வதைத் தனியாகப் பிரித்துவைத்தார். சமணரிடம் அப்படித் தப்ப முடியாது. நினைத்துப் பார்க்காததுதான் அங்கே குற்றம்.

சங்கடம் இதற்குப் பிறகுதான். கழுகுக்காகச் சமணரை அழைத்தால், மானுக்காகவும் அவர்களே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். உழவில் சாகும் புழுவுக்காக இல்லறத்தானைப் பொறுத்துக்கொள்ளும் மரபு, வேட்டைக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஆசையால் கொல்வதும் அவர்கள் கணக்கில் கவனம் தவறியதுதான். என்ன உலோகம் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இந்த வருடமும் மான் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். குலுக்கலில் விழுந்தால் போவேன்.