கதவுப் பிடியைப் படம் பிடித்தவர்

ஐரோப்பிய நகரம் ஒன்றில் கேமராவோடு இறங்கினால் கை தானாகக் கோபுரத்தை நோக்கித்தான் போகும். ஒழேன் அத்ஜே (1857–1927) வேறு பக்கம் திரும்பினார். நாடக மேடையில் பெயர் எடுக்க முடியாமல், முப்பது வயதுக்கு மேல் புகைப்படத் தொழிலுக்கு வந்தவர். மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, 18-க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாரிஸ் சந்துகளில் நடந்தார். பல நாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்.

எடுத்ததெல்லாம் என்ன? கடை வாசல், கதவுப் பிடி, படிக்கட்டின் இரும்புக் கம்பி, கந்தல் பொறுக்குபவரின் வண்டி. தகட்டில் படம் பதிய நேரம் பிடித்ததால், குறுக்கே நடந்தவர்கள் புகையாக மங்கிப்போனார்கள். சுவர்கள் மட்டும் கூர்மையாக நின்றன. இந்தக் குறைதான் அந்தப் படங்களுக்கு அழகு என்பேன். அவரோ அழகைப் பற்றிப் பேசவில்லை. ஓவியர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் படம் விற்றுப் பிழைத்தார். 1926-இல் கலைஞர் மேன் ரே அவருடைய ஒரு படத்தை சர்ரியலிசக் கலை இதழில் சேர்த்தபோது, பெயர் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அத்ஜே சொல்லிவிட்டார்.

அவர் இறந்தபின், எஞ்சிய படங்களையும் தகடுகளையும் பெரனிஸ் ஆபட் என்ற இளம் அமெரிக்கப் புகைப்படக்காரர் வாங்கிக் காப்பாற்றினார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1968-இல் அவற்றை விலைக்கு வாங்கியது.

அடுத்த பயணத்தில், கோபுரத்தை எடுத்து முடித்ததும் பக்கத்துச் சந்துக்குள்ளும் கொஞ்சம் நுழைந்து பாருங்கள்.