நீர் வடித்தலும் நெஞ்சின் ஐயமும்

தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அத்தை நீர் வடித்த காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. இருமடியாக மடித்த துணியைக் குடத்தின் வாயில் இட்டு நீரை ஊற்றுவார். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் மடியாதவாறு அவற்றைக் கிணற்றிலேயே சேர்ப்பார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பம் கொண்டுவந்த பழக்கம் அது. ஆனால் அத்தை ஒருமுறையோடு நிறுத்தவில்லை. துணி விலகியிருக்குமோ என்று ஐயம் எழும், மீண்டும் வடிப்பார். பத்து முறை, இருபது முறை. "எத்தனை வாட்டிதான் வடிப்பீங்க அம்மிணி?" என்பர் அண்டை வீட்டார். உறவினரோ அவரது நோன்புப் பற்றைப் போற்றினர், யானும் போற்றினேன். உலை வைக்குமுன் கதிரவன் மறைந்துவிடும். இரவில் உண்ணாதவராதலின் அன்று பட்டினி.

1907-ஆம் ஆண்டு வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு எழுதிய கட்டுரை ஒன்று, சமயச் சடங்கையும் இத்தகைய மனநோயாளரின் செயல்களையும் ஒப்பிட்டது. விடுபட்டால் எழும் குற்றவுணர்வு, இடையூறு பொறாமை, சிறு கூற்றிலும் காட்டும் நுணுக்கம் ஆகியவை இரண்டிற்கும் பொது என்றார் அவர். ஒப்புமையை மறுப்பதற்கில்லை. எங்கள் வீட்டில் எவராலும் அவ்விரண்டையும் பிரித்தறிய இயலவில்லையே!

எனினும் ஆகமம் கேட்பது வேறு. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிரைப் போக்குதல் என்கிறது. விழிப்போடு ஒருமுறை வடித்தவர் கடமை முடித்தவரே. வடித்த நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், செல்லும். சாமாயிகத்திற்கும் அதுவே அளவு. நோன்பிற்கு இவ்வாறு எல்லை உண்டு. அத்தை நாடியதோ ஓர் உயிரும் தப்பவில்லை என்னும் முழு உறுதி. அதனை எந்தத் துணியும் தராது.

கோவை மருத்துவர் ஒருவர் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்றார். மருந்தோடு ஒரு பயிற்சியும் சொன்னார்: ஒருமுறை வடித்தபின், எழும் அச்சத்தைத் தாங்கி வாளா இருத்தல். 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பார் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. விரதத்தை முறிக்கச் சொல்கிறார் என்று அத்தை மருத்துவரிடம் சினந்தார். என் தந்தையார்தாம் முகூர்த்தக் கணக்கை எடுத்துக்காட்டி, கடிகாரத்தை அவர் எதிரே வைத்தார்.

முதல்நாள் அந்த 48 நிமிடமும் அத்தை அழுதுகொண்டே இருந்தார். துணியைத் தொடவில்லை. அன்று வெயில் இருக்கும்போதே உண்டார்.