நோயின் பெயரும் அரசியல் வாதமும்

ஒருவர் கூறும் கருத்தை மறுப்பதற்கு இரண்டு வழிகள் உள. அக்கருத்துத் தவறென்று காட்டுவது ஒரு வழி. அதைக் கூறியவரின் மூளை பிசகிவிட்டதென்று அறிவித்துவிடுவது மற்றொரு வழி. முதலாவதற்கு ஆராய்ச்சியும் பொறுமையும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சொல் போதும். பாமர வழக்கிலே அச்சொல் 'விசர்' என்றும் 'பைத்தியம்' என்றும் வழங்கும். படித்தவர் வாயிலே அது வைத்திய சாஸ்திரத்தின் உடையணிந்து, 'மனச்சிதைவு' என்றும் 'தன்மோகக் கோளாறு' என்றும் நடமாடுகின்றது. உடை மாறினும் தொழில் ஒன்றே. அத்தொழில் நேர்மையானதா என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டிய வினா.

பெரியபுராணத்திலே வரும் ஒரு வழக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று வாதாடுகின்றார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதுண்டோ என்று நகைத்த சுந்தரர், வந்தவரைப் பித்தரோ என்று கேட்கின்றார். ஆனால், வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றபோது, அங்கிருந்தோர் முதியவரின் சித்தம் தெளிந்ததா என்று சோதிக்கவில்லை. மூல ஓலையைக் கேட்டார்கள். அதிலிருந்த பாட்டனாரின் எழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்புநோக்கினார்கள். அதன் பின்னரே தீர்ப்புக் கூறினார்கள். மனிதனை மனிதனுக்கு அடிமையாக்க ஓலை போதுமெனக் கொள்ளும் அச்சமுதாயத்தைப் பற்றி நமக்கு வேறு வினாக்கள் உண்டு. எனினும், சபை நடந்துகொண்ட முறை கவனத்துக்குரியது. சொன்னவரின் சித்தம் எத்தகையது என்பதன்று, சொன்னதற்குச் சான்று யாது என்பதே சபையின் கவலையாயிருந்தது.

இம்முறை கைவிடப்படும்போது யாருக்கு இலாபம்? வரலாறு தெளிவான விடை தருகின்றது. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து வைத்தியரான சாமுவேல் கார்ட்ரைட், புதியதொரு மனநோயைத் தாம் கண்டுபிடித்ததாக எழுதினார். தோட்ட முதலாளிகளிடமிருந்து கறுப்பின அடிமைகள் தப்பியோடுவதற்குக் காரணம் அந்நோயே என்றும், அதன் பெயர் 'டிராப்பெற்றோமேனியா' என்றும் அவர் கூறினார். அவர் விதித்த பரிகாரங்களுள் சாட்டையடியும் ஒன்று. விடுதலை வேட்கையை நோய் என்று பெயரிட்டவுடன் அடிமைமுறை பற்றிய வினாவே மறைந்துவிடுகின்றது. ஓடியவன் ஏன் ஓடினான் என்று கேட்கவேண்டியதில்லை. அவனுக்கு என்ன நோய் என்று கேட்டாற் போதும்.

அடிமை முதலாளிகளின் வைத்தியரைக் கண்டிப்பது நமக்கு எளிது. நமது முகாமிலே நிகழ்ந்ததை நேராக நோக்குவதே கடினம். பியோத்தர் கிரிகோரெங்கோ சோவியத்து இராணுவத்தின் மேஜர் ஜெனரல். இரண்டாம் உலக யுத்தத்திலே போரிட்டவர். கொம்யூனிஸ்டுக் கட்சியின் நெடுநாள் உறுப்பினர். 1963இல் அவர் இரகசியமாக அமைத்த சங்கம் முதலாளித்துவத்தை மீட்பதற்காக எழுந்ததன்று. லெனினிசத்தை மீட்பதற்கென்றே எழுந்தது. 1964இல் அவர் கைதாகி மனநோய்ச் சிறைமனையில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின்னர், தாயகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கிரிமியத் தாத்தாரியருக்காகக் குரல் கொடுத்து 1969இல் மீண்டும் கைதானார். அவ்வாண்டு தாஷ்கண்ட் நகரத்து வைத்தியர் குழு, அவர் தெளிந்த சித்தமுடையவரே என்று முடிவு செய்தது. சில மாதங்களுள் மொஸ்கோவின் செர்ப்ஸ்கி நிறுவனம் அம்முடிவை மாற்றி எழுதிற்று. 'சீர்திருத்தக் கருத்துகள்' கொண்டிருத்தல் அவரது நோயின் குறிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அவர் விடுதலையானது 1974இலேயாம். பின்னர் அமெரிக்காவில் அவரை நேரிற் பரிசோதித்த வைத்தியர்கள் எவ்வித மனநோயையும் காணவில்லை.

அவர் மட்டுமல்லர். உயிரியலறிஞர் சோரெஸ் மெத்வதேவ் 1970 மே மாதத்தில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, கலூகா மனநோய் வைத்தியசாலையில் 19 நாட்கள் வைக்கப்பட்டார். கிரிகோரெங்கோ நோயாளி அல்லர் என்று 1971இல் மாற்றறிக்கை எழுதிய கியேவ் நகரத்து இளம் உளநோய் வைத்தியர் செமியோன் குளூஸ்மன், ஏழு ஆண்டு முகாம் வாசமும் மூன்று ஆண்டு நாடுகடத்தலும் பெற்றார். 1977இல் ஹொனலூலுவிற் கூடிய உலக உளநோய் வைத்தியர் மகாநாடு இம்முறைகேட்டைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அரசுக்குச் சிறைகள் இருந்தன; மனநோய் வைத்தியசாலை எதற்கு? குற்றவாளி என்று நிறுத்தப்படுபவன் நீதிமன்றிலே பேசுவான். அவன் பேச்சுக்கு மறுமொழி கூறவேண்டியிருக்கும். நோயாளியின் பேச்சுக்கு மறுமொழி வேண்டியதில்லை. அது நோயின் குறியாகப் பதிவு செய்யப்படும், அவ்வளவுதான். அவன் மறுத்தால் மறுப்பும் நோய். மௌனமாயிருந்தால் மௌனமும் நோய். தொழிலாளர் அரசு ஒன்றில் நிகழ்ந்ததனால் இதன் கொடுமை குறைந்துவிடாது. விமர்சனத்தையும் சுயவிமர்சனத்தையும் தன் உயிராகக் கூறும் தத்துவத்தின் பெயரால் நடந்தமையால் அது கூடவே செய்யும்.

அதிகாரத்திலுள்ளோர் எளியோர்மீது இப்பட்டத்தைச் சூட்டுதல் கொடுமை; ஆனால், கொடிய அரசியல்வாதிமீது நல்லோர் சூட்டினாற் பிழையென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். இவ்வினாவையும் வரலாறு சோதித்திருக்கின்றது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலே குடியரசுக் கட்சியின் சார்பிற் போட்டியிட்டவர் பரி கோல்ட்வோட்டர். அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். அணுவாயுதப் பிரயோகத்தைப் பற்றித் துணிந்து பேசியவர். 'ஃபாக்ட்' என்னும் சஞ்சிகை 12,356 உளநோய் வைத்தியர்களுக்கு, இவர் ஜனாதிபதியாகத் தகுந்த மனநிலை உடையவரா என்று கேட்டு எழுதிற்று. 2,417 பேர் விடையளித்தனர். அவர்களுள் 571 பேர் கருத்துக் கூற மறுத்தனர். 657 பேர் தகுந்தவரென்றனர். 1,189 பேர் தகுதியற்றவரென்றனர். கடைசித் தொகை மட்டும் சஞ்சிகையின் அட்டையிலே பெரிய எழுத்துகளில் வெளியாயிற்று. அவ்வைத்தியர்கள் அவரைத் தமது நோயாளியாகப் பரிசோதித்துக் கூறியதன்று அத்தீர்ப்பு. கோல்ட்வோட்டர் வழக்குத் தொடுத்தார். 1968இல் ஜூரிகள் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். தண்டனை நட்டஈடு 75,000 டொலர். ஒருவரை நேரிற் பரிசோதியாமலும் அவரது சம்மதம் பெறாமலும் அவருடைய மனநிலை பற்றிப் பகிரங்கமாகத் தொழில்முறைக் கருத்துக் கூறலாகாது என்னும் விதியை அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் 1973இல் வகுத்துக்கொண்டது.

இது வைத்தியத் தொழிலின் ஒழுக்கம் மாத்திரமே எனின், இதை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இதனினும் ஆழமான பாடம் ஒன்றுண்டு. அத்தேர்தலிலே கோல்ட்வோட்டர் பெருந்தோல்வியடைந்தார். எவரும் பைத்தியப் பட்டம் சூட்டாத லிண்டன் ஜோன்சன் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டின் முற்பகுதியிலேயே வட வியட்நாமின்மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. 1968ஆம் ஆண்டளவில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் துருப்பினர் வியட்நாம் மண்ணில் நின்றனர். அந்த யுத்தத்தைத் திட்டமிட்டோர் புள்ளிவிவரங்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து நிதானமாகப் பேசிய கல்விமான்கள். ஆபத்து ஒரு மனிதனின் மூளைக்குள்ளே இருக்கின்றது என்று நம்பியோர், அது வெள்ளை மாளிகையின் கொள்கைக்குள்ளே இருந்ததைக் காணத் தவறினர். அநீதிக்கு வேராக ஒரு வர்க்கத்தின் நலனையும் ஓர் அமைப்பின் தேவையையும் தேடவேண்டிய இடத்தில், தனிமனிதனின் நரம்பைத் தேடுவது விஞ்ஞானப் பார்வையாகாது.

நமது தமிழ்மொழியிலேயே இத்தவறு ஒளிந்திருக்கின்றது. 'இனவெறி', 'சாதிவெறி' என்று தயக்கமின்றி எழுதுகின்றோம். வெறி என்பது அறிவு மயங்கிய நிலை. 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. இடாப்பைப் பார்த்து வீட்டிலக்கம் சரிபார்த்தல் மயக்கத்தின் செயலன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றோரும் அறிவு மயங்கியவர்கள் அல்லர். ஆகமம் பேசினார்கள், வழமை பேசினார்கள், சட்டமும் பேசினார்கள். தாம் பாதுகாப்பது எதை என்று அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். வெறி என்று கூறும்போது நாம் அவர்களைக் கடுமையாகக் கண்டிப்பதாக எண்ணுகின்றோம். உண்மையிலோ, அவர்களுடைய பொறுப்பின் ஒரு பகுதியை நாமே கழித்துவிடுகின்றோம்.

ஒருவர் செய்த தீமை உண்மையிலேயே நோயின் விளைவெனின், அவருக்குரியது சிகிச்சை, கண்டனமன்று. அவர் கண்டனத்துக்குரியவர் எனின், இன்னது செய்கின்றோம் என்று அறிந்தே செய்தவர் எனக் கொள்ளல் வேண்டும். நோயாளி என்றும் அயோக்கியன் என்றும் ஒரே மூச்சில் ஏசுவோர் இரண்டையும் ஒருங்கே விரும்புகின்றனர். மேடையிலே அது கைதட்டல் பெறலாம், தர்க்கத்தில் நில்லாது.

இதுவரை ஏசுவோரையும் ஏசப்படுவோரையும் பற்றிப் பேசினோம். இவ்வாதத்திலே பேச்சில்லாத மூன்றாமவர் ஒருவர் உளர். அவரே உண்மையான நோயாளி. 'அங்கொடைக்கு அனுப்பவேண்டும்' என்பது நம் நாட்டில் ஏளன மொழி. அங்கொடை வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவனம் என்று பெயர் மாறிய பின்னரும் ஏளனம் மாறவில்லை. அம்மொழியைக் கேட்டு மண்டபமே சிரிக்கும்போது, பின்வரிசையிலே நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வேலைக்குச் செல்லும் ஒருவர் இருக்கலாம். மகளின் நோயை அயலாருக்கு மறைத்து வாழும் தாய் இருக்கலாம். எதிரி அதைக் கேட்டு வெட்கப்படுவதில்லை. வெட்கப்படுபவர் அவர்களே. நீண்ட யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ உள்ளங்களைச் சிதைத்திருக்கின்றன. இத்துயரைத் தனிமனிதக் குறைபாடாக மட்டுமன்றி, சமுதாயம் முழுவதற்கும் நேர்ந்த கூட்டு வடுவாகக் காணவேண்டும் என்று உளநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அவ்வாறு காயமுற்ற மக்களிடையே நின்று மனநோயை வசைச்சொல்லாக்குவது, வைத்தியசாலையை நாடவேண்டியவரை வாயிலிலேயே திருப்பியனுப்புவதாகும்.

அமெரிக்காவில் 1972இல் உப ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவான தோமஸ் ஈகிள்ற்றன், முன்னர் மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது வெளியானதும், தெரிவாகிய 18 நாட்களிற் போட்டியிலிருந்து விலகவேண்டியதாயிற்று. முற்போக்காளர் பலரின் ஆதரவு பெற்ற ஒரு வேட்பாளரின் அணியிலேயே இது நிகழ்ந்தது. அதன் பின்னரும் 1987 வரை அவர் செனற்சபையிலே பணியாற்றினார். நோயுற்றுக் குணமடைந்த ஒருவர் பொதுவாழ்வுக்கு உதவாதவர் என்னும் எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளே சான்று.

அங்ஙனமாயின், ஆட்சியாளர் ஒருவர் உண்மையிலேயே கடமையாற்ற இயலாத நிலையை அடைந்தால், அதைப் பேசாமல் இருப்பதா? 2017இல் டொனால்ட் டிரம்பின் மனநிலை பற்றி 27 உளநோய் வைத்தியர்களும் உளவியலாளரும் எழுதிய தொகுப்பு நூல் ஒன்று வெளிவந்தது. ஆபத்தைக் கண்டும் மௌனமாயிருத்தல் கடமை தவறுவதாகும் என்பது அவர்களின் வாதம். இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், பொய்யுரைத்தல், குரூரம், சட்டத்தை மதியாமை ஆகியன எவர் கண்ணுக்கும் புலனாவன. அவற்றை எடுத்துக்காட்டி, இவர் ஆளத் தகாதவர் என்று கூறும் உரிமை சாதாரண வாக்காளருக்கு உண்டு. அதற்கு நோயின் பெயர் எவ்வாற்றானும் வலுச் சேர்க்காது. இயலாமையே பிரச்சினையெனின், அதற்கு ஒழுங்கான நெறி வேண்டும். எமது 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 38ஆம் உறுப்புரை, உள அல்லது உடற் பலவீனத்தால் நிரந்தரமாகக் கடமையாற்ற இயலாத ஜனாதிபதியை நீக்குவதற்கு வழி கூறுகின்றது. அதற்குப் பாராளுமன்றப் பிரேரணை வேண்டும். உயர் நீதிமன்றின் விசாரணை வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் பக்க நியாயத்தைக் கூற இடமளித்தல் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும். அந்த யாப்பைப் பற்றி நமக்கு எத்தனையோ கண்டனங்கள் இருக்கலாம். ஆயினும், சான்றில்லாமல், கேள்வியில்லாமல் ஒருவரைச் சித்தம் கலங்கியவர் எனத் தீர்த்துவிடலாகாது என்னும் நெறியை அவ்வுறுப்புரை ஏற்கின்றது. மேடைப் பேச்சாளர் ஏற்க மறுப்பது அதையே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்திலே சிறப்பான பொறுப்புடையவர்கள். விவாதம் என்பது என்னவென்று இளைஞர் முதன்முதற் கற்பது வகுப்பறையிலும் மாணவர் மன்றங்களிலுமே. எதிர்த்தரப்பினரின் வாதத்தை அதன் வலிமையான வடிவத்திலே எடுத்துக்கூறி, பின் அதை உடைக்கும் பயிற்சியை அங்கே பெறாதவர், நாளை எந்தக் கட்சியில் நின்றாலும் பட்டம் சூட்டுபவராகவே இருப்பார். அதிகாரம் கைக்கு வரும்வரை அவர் கையில் இருப்பது வெறும் சொல். அதிகாரம் வந்தபின் அதே சொல் கதவாகும், பூட்டாகும்.

மக்களின் பகைவர்களோடு நமக்குள்ள வழக்கு அவர்களின் செயல்களைப் பற்றியது. அச்செயல்களாற் பயனடையும் வர்க்கத்தைப் பற்றியது. அவ்வழக்கிலே நம்மிடம் சான்றுகள் நிறைய உள. சான்று உள்ளவர்களுக்கு வசை எதற்கு?