துன்ப காலத்தில் நம்பிக்கை

துன்பம் சூழ்ந்த காலத்தில் நம்பிக்கை கொள்ளுதல் அறிவுடைமையாகுமா? நம்பிக்கை மனிதனின் வேதனையை நீட்டிக்கும் தீமையே என 1878இல் வெளிவந்த நூலொன்றில் நீட்சே வாதிட்டார். சமயம் தரும் ஆறுதல் அபினை ஒத்தது என்பது மார்க்ஸின் கணிப்பு. இவ்விரு விமர்சனங்களையும் எளிதிற் புறக்கணித்தல் இயலாது. மறுமையைக் காட்டி இம்மையின் அநீதியை மறக்கச் செய்யும் நம்பிக்கை அபினுக்கு ஒப்பானதே. ஆயின் கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் இத்தகையதுதானா? இவ்வினாவுக்கு விடை காண மன்னார் மண்ணின் அனுபவம் துணைபுரியும்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்து நீரால் நெல் விளையும் வயல்களிடையே அமைந்த ஊர் அடம்பன். போர் நெருங்கியபோது மக்கள் வயலையும் வீட்டையும் விட்டு வன்னியின் உட்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். 2008 மே மாதத்தில் இராணுவம் அடம்பனைக் கைப்பற்றியது. அதற்கு முந்திய மாதத்தில் மருதமடு அன்னையின் திருச்சொரூபமும் பாதுகாப்புக் கருதித் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அச்சொரூபம் அகதியானது அதுவே முதன்முறையன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் அதனைச் சுமந்துகொண்டு காட்டினுட் புகுந்தன என்பது மரபு.

கடவுளை நம்பினோர்க்குத் தீங்கு நேராது என்பதே நம்பிக்கையாயின், அது மடுவிலேயே பொய்த்துவிட்டது. 1999 நவம்பர் 20ஆம் நாள் அத்திருத்தலத்தில் எறிகணைகள் வீழ்ந்தபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்தோருள் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். எனவே பாதுகாப்பை எதிர்பார்த்தல் வேறு, நம்பிக்கை வேறு என்பது தெளிவு. கிறிஸ்தவ நம்பிக்கை சிலுவையை விலக்கி அப்பாற் செல்வதன்று, அதனூடாகவே செல்வது. இரண்டாம் உலகப் போரிற் கைதியாயிருந்த யேர்மானிய இறையியலாளர் மோல்ற்மன், 1964இல் வெளியிட்ட தமது நம்பிக்கையின் இறையியலில் இதனையே வற்புறுத்தினார். நம்புகின்றவன் நிகழ்கால அநீதியோடு சமரசம் செய்துகொள்ளான் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

சமரசம் செய்யாத இந்நம்பிக்கை செயலில் இரக்கமாக வெளிப்படுகின்றது. தம் மக்களுக்கு நேர்ந்த வன்முறைகளைக் கண்டு மௌனம் காவாத வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார், 1985 ஜனவரி 6ஆம் நாள் கொல்லப்பட்டார். 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக விளங்கிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எண்ணிக்கையை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் வாழ்ந்தோர் தொகைக்கும் பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் தொகைக்கும் இடையே 1,46,679 பேர் வேறுபாடு உண்டு. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என அவர் வினவினார். ஒவ்வோர் உயிரும் கணக்கிற்குரியது என்னும் இரக்கமே அவ்வினாவின் ஊற்று.

நீட்சேயின் குற்றச்சாட்டு இவ்விடத்தில் மிகக் கூர்மை பெறுகின்றது. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் வேதனையை அவளது நம்பிக்கையே நீட்டிக்கின்றதல்லவா? ஆம், நீட்டிக்கின்றது. ஆயினும் அவளை மறக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. வேதனையை நீட்டிப்பது நம்பிக்கை மட்டுமன்று. உண்மையை மறைப்போரின் மௌனமுமாகும். அவளுக்கு மலிவான ஆறுதல் கூறுதல் இரக்கமாகாது. அவளோடு நின்று உண்மையைக் கோருதலே இரக்கம். தனித்துச் சுமக்கும்போது நஞ்சாகும் நம்பிக்கை, பிறரும் தோள் கொடுக்கும்போது வாழ்வுக்கு வலுவாகின்றது.

இவ்விரக்கத்திற்கும் ஒரு சோதனை உண்டு. 1544இல் சங்கிலி மன்னனாற் கொல்லப்பட்ட மன்னார் மறைசாட்சிகளை நினைவுகூரும் சமூகம், பிறர் காயங்களையும் நினைவிற் கொள்கின்றதா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களும் அயலாரே. 2019இல் சிவராத்திரியை முன்னிட்டுத் திருக்கேதீச்சரத்திற்குச் செல்லும் வழியில் எழுப்பப்பட்ட வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கியெறிந்தபோது புண்பட்ட சைவர்களும் அயலாரே. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் அவனது இனத்தானல்லன். தன் இனத்தின் எல்லையில் நின்றுவிடும் இரக்கம் தன்னிரக்கமேயன்றி வேறன்று. தன்னிரக்கத்தில் ஊன்றிய நம்பிக்கையோ பழிவாங்கும் நாளையே எதிர்நோக்கும்.

போர் ஓய்ந்தபின் அடம்பனுக்கு மீண்ட உழவர் மறுபடியும் வயலில் விதைத்தனர். அறுவடை உறுதியென எவரும் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. அவ்வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக்குளமோ, அனுராதபுரத்தைக் கடந்துவரும் அருவியாற்றினால் நிறைகின்றது. ஒருவர் நிலத்தில் விளைவது மற்றவர் நிலத்தினூடே வந்த நீரினால் என்பதை அம்மண் அறியும். உறுதிப்பாடு இன்றியும் விதைப்பது நம்பிக்கை. விளைவை அயலானோடு பகிர்வது இரக்கம். இரண்டையும் பிரித்தால் முன்னது மயக்கமாகும், பின்னது சோர்ந்துபோகும்.